கேட்கக் கூடாத வீடு

“அந்த சீட்டை எனக்கு விட்டுக் குடுக்கச் சொல்லுங்க உங்க பொண்ணை,” என்றாள் அவள்.

டாக்டரம்மா வீட்டு நடுக்கூடத்தில், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, நின்றபடியே சொன்னாள். குரல் உயரவில்லை. கூரியர் ஆபீஸ் கவுன்டரில் ‘அடையாள அட்டை காட்டுங்க’ என்று சொல்வாளே, அதே குரல். டாக்டரம்மா படித்துக்கொண்டிருந்த பேப்பர் மெதுவாக மடிக்குத் தாழ்ந்தது. சோபாவில் கால்களை மடித்துப் போட்டு லேப்டாப்பில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் மகள் பாப்பா நிமிர்ந்தாள். புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த, அங்கே வீட்டு வேலை செய்யும் அம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை. துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தது. மகள் பேசியது தன் காதில் விழவில்லை என்று அந்த வீட்டுக்குக் காட்ட அம்மாவுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அ, ஆ இல்லை. ‘அங்க எதுவும் கேக்கக் கூடாது’ என்பதுதான். நாலு வயதில் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டின் பின்வாசலில் முதல்முறை ஏறியபோது சொன்னது. குடுத்தா வாங்கிக்கோ, ரெண்டு கையாலயும் வாங்கிக்கோ, வாங்கினதும் சிரி. ஆனா வாயத் தொறந்து கேட்டே, அன்னைக்கோட சரி. பசிக்கிறது என்று சொல்வதும் கேட்பதில் சேர்த்தி. பாப்பாவின் பொம்மையை ரொம்ப நேரம் உற்றுப் பார்ப்பதும் கேட்பதில் சேர்த்தி. அதனால் அவள் பொம்மையைப் பார்க்காமல் பொம்மையின் நிழலைப் பார்க்கப் பழகினாள். நிழலை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கேட்காமலேயே வாங்குவதற்கு அம்மா ஒரு வித்தை வைத்திருந்தாள். வேண்டும் என்கிற பொருளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் துடைப்பாள். துடைத்து முடித்து, யாரிடமும் சொல்லாமல் அந்தப் பொருளிடமே சொல்வாள், “இன்னும் பத்து வருஷம் உழைப்பேபோல நீ.” அவ்வளவுதான். இப்படி ஃப்ரிட்ஜை இரண்டு வருஷம் துடைத்தாள். டாக்டரம்மா புதியது வாங்கிய அன்று, பழையது எங்கே போக வேண்டும் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சந்துக்குள் அது நுழையாமல் நான்கு ஆண்கள் பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஏற்றி இறக்கினார்கள். கூரைக்காரன் ஆறு மாதம் வரை ஒழுகிய ஒவ்வொரு சொட்டுக்கும் ஃப்ரிட்ஜைத்தான் திட்டினான். அம்மாவுக்கு அந்தத் திட்டுகூடப் பெருமையாக இருந்தது.

இப்படித்தான் அவள் வளர்ந்தாள். பாப்பாவும் அவளும் ஒரே வயது. ஆனால் பாப்பா போன வருஷம் போட்ட சட்டைதான் இந்த வருஷம் அவளுடையது. பள்ளியில் அவள் ஒரு வகுப்பு பின்னால், பாப்பா முடித்த புத்தகம்தான் அவள் தொடங்கும் புத்தகம். புத்தகத்தின் ஓரங்களில் பாப்பா வரைந்த பூக்களுக்கு நடுவில்தான் அவள் படித்து, பாப்பாவைவிட நிறைய மார்க் வாங்கினாள். வாங்கிய மார்க்கை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் இன்னொரு பாடம். இந்த வீட்டில் அவளுக்குக் ‘குட்டி’ என்று பெயர். இருபத்து மூன்று வயதிலும் குட்டி. அவள் வசிக்கும் சந்தில் ‘டிகிரி’ என்று பெயர். குழாயடியில் யாராவது வழியை அடைத்துக்கொண்டு நின்றால், “டிகிரி வருது, தள்ளுங்கப்பா, இங்கிலீஷ்ல திட்டிடப் போகுது” என்பார்கள். இரண்டு பெயருமே அவள் கேட்டு வாங்கியது இல்லை. கொடுத்ததுதான்.

எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய் என்று கேட்டால், சட்டையையோ சைக்கிளையோ அவள் சொல்ல மாட்டாள். கதவைச் சொல்வாள். பாப்பாவுக்கு ஒரு அறை இருந்தது, அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது, கோபம் வந்தால் பாப்பா அதை அறைந்து சாத்துவாள். வீடே அதிரும். டாக்டரம்மா வெளியே நின்று, “பாப்பா, கதவைத் திறம்மா” என்று கெஞ்சுவாள். அவளுடைய வீட்டில் உள்ளே ஒரு திரைதான். எவ்வளவு கோபம் வந்தாலும் திரையை அறைந்து சாத்த முடியாது. இழுத்துவிட்டால் ஒரு பக்கம் கழன்று தொங்கும், அதை மறுபடி மாட்டுகிற வேலையும் நமக்குத்தான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமலே அவள் பெரியவளானாள். அதைப் பல்லில் வைத்தாள், நடையில் வைத்தாள், கூரியர் ஆபீசில் சீல் குத்துகிற கையில் வைத்தாள்.

அவளுடைய எல்லாச் சான்றிதழிலும் இந்த வீட்டு விலாசம்தான் இருந்தது. ஆறு வயதில், நல்ல பள்ளிக்கூடம் என்றால் அதைச் சுற்றியுள்ள தெருப் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று படிக்கட்டுக் கைப்பிடியை ஒரு மணி நேரம் துடைத்தாள். டாக்டரம்மாவே, “எங்க அட்ரஸைப் போட்டுக்கோயேன்” என்றாள். போட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து பள்ளிச் சான்றிதழ், கல்லூரிச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் அந்த விலாசத்தின் மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துவிட்டன. காகிதத்தில் அவள் பதினேழு வருஷமாக மாமரத் தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறாள். ராத்திரி தூங்கப் போவது மட்டும் சந்துக்கு. வேலை பார்க்கிற கூரியர் ஆபீசிலும் பார்சல்களைப் பிரிக்கிறபோது தன் சந்தின் பெயர் வந்தால், மற்றவர்கள் மாதிரியே அவளும் அதன்மேல் ‘முனையில் வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்று முத்திரை குத்தினாள். சந்துக்குள் யாரும் டெலிவரிக்குப் போவதில்லை. போனால் வண்டியைத் திருப்ப இடம் இருக்காது.

இப்போது கேட்ட சீட்டின் கதை இதிலிருந்துதான் தொடங்குகிறது. வெளிநாட்டில் இரண்டு வருஷப் படிப்பு. நகரங்களை எப்படி அமைப்பது, யார் எங்கே வாழ்வது, தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று படிப்பது. தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒருத்தருக்கு இடம். மார்க்கோடு ஒரு கட்டுரையும் அனுப்ப வேண்டும். தலைப்பு அவர்களே கொடுத்தது: ‘உங்களை உருவாக்கிய இடம்.’ பாப்பாவும் விண்ணப்பித்தாள், அவளும் விண்ணப்பித்தாள். பாப்பாவிடம் அவளும், அவளிடம் பாப்பாவும் ‘நான் சும்மா போட்டு வெச்சிருக்கேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். முதல் வரியில் தன் சந்தைத்தான் எழுதினாள். எழுதிவிட்டு மேலே பார்த்தால், படிவத்தின் தலையில் மாமரத் தெரு விலாசம். விலாசம் ஒன்று, கதை வேறு. கேள்வி வருமே. பதினேழு வருஷப் பொய்யை ஒருவன் விரலால் சுண்டினால் பள்ளியிலிருந்து பட்டம் வரை பொலபொலவென்று உதிர்ந்துவிடாதா. வரியை அடித்தாள். விலாசத்துக்கு ஏற்ற மாதிரி எழுதினாள். ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் விளக்கு, வெளியே மரத்தில் அணில், மாலையில் அமைதியான தெருவில் யாரோ பியானோ வாசிக்கும் சத்தம். பாப்பாவின் அறையைத்தான் எழுதினாள். பதினேழு வருஷம் கூட்டிப் பெருக்கிய அறை. அதன் மூலை முடுக்கு பாப்பாவைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிழை இல்லாமல், அழகாக, செத்த மீன் மாதிரி இருந்தது கட்டுரை.

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில், ஒரே தபால் பெட்டியில் வந்து விழுந்தன. பாப்பாவுக்கு இடம். அவளுக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதலிடம். “ஒரே வீட்டுல ரெண்டு பேரு, அக்கா தங்கச்சின்னு நெனச்சிருப்பாங்க” என்று பாப்பா சிரித்தாள். அப்படியே அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, தன் கட்டுரையைத் திறந்து காட்டினாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. பாப்பாவுக்குப் பிடித்த ஒன்றை எல்லோருக்கும் காட்டியே ஆக வேண்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கட்டுரை இப்படித் தொடங்கியது: எங்கள் சந்தில் யாரும் தனியாகத் தும்ம முடியாது. ஒருவர் தும்மினால் ஏழு வீட்டிலிருந்து பதில் வரும்.

அது அவள் சொன்ன நகைச்சுவை. எத்தனையோ மாலைகளில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, அம்மா வேலை முடித்து வரும்வரை, பாப்பாவைச் சிரிக்க வைக்க அவள் சொன்னவை எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. தண்ணீர் லாரி வருகிற நேரத்தில் சத்தம் இல்லாமல் குடத்தை நகர்த்துகிற கலை. மழை பெய்தால் எந்தக் கூரையில் எந்தச் சுருதி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்கிற தையல்காரி. பரீட்சை சமயத்தில் தெருவிளக்கின் அடியில் இடம் பிடிக்கப் போடுகிற கல். டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை அதிகமாக இருந்த ஒரு கோடை விடுமுறையில் பாப்பா நாலைந்து தடவை சந்துக்கு வந்திருக்கிறாள். அந்த நாலைந்து தடவை கட்டுரையில் ஒரு குழந்தைப் பருவமாகியிருந்தது. ‘என்னைப் பாதி வளர்த்தது அந்தச் சந்துதான், அது என் இரண்டாவது வீடு’ என்று முடித்திருந்தாள்.

படித்தபோது அவள் இரண்டு இடத்தில் சிரித்துவிட்டாள். தையல்காரி வந்த இடத்தில் கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக இருந்தது. அவள் குப்பையென்று ஒதுக்கி வைத்ததைப் பாப்பா எடுத்துக் கழுவி, வெளிச்சத்தில் வைத்திருந்தாள். அந்தக் கட்டுரைக்குள் வாழ்ந்த பெண் துணிச்சலானவள், வேடிக்கையானவள், எதற்கும் கூசாதவள். ஒரு நிமிஷம், அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண்ணைப் பார்த்தே அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம்தான் எரிய ஆரம்பித்தது. அதற்கு அவள் பெரிய பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அநியாயம், சுரண்டல் என்று ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லியிருந்தால் ஆமாம் ஆமாம் என்றிருப்பார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொறாமை, வயிற்றெரிச்சல், அவ்வளவுதான். சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பெண்களைக்கூட அவளுக்குப் பிடிக்காமல் போனது.

அதையும் விழுங்கியிருப்பாள். விழுங்கிப் பழகியவள்தானே. ஆனால் இந்த வாரம் அந்தப் படிப்பை நடத்துகிறவர்கள் எழுதியிருந்தார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் கேமராவோடு வருகிறார்கள். அந்த இரண்டாவது வீட்டையும் சந்தையும் பார்த்து, அங்கே இருக்கிறவர்களோடு பேசி, பாப்பாவை அங்கே உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகுதான் இடம் உறுதியாகும். வியாழக்கிழமை டாக்டரம்மா சமையலறைக்கே வந்து அம்மாவிடம் பேசினாளாம். வீட்டை அரை நாள் தர முடியுமா. அம்மா தலையாட்டிவிட்டு அன்றைக்கே சுண்ணாம்பு வாங்கப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை டாக்டரம்மா தடுத்துவிட்டாள்.

“சொவருக்கு ஒண்ணும் பூச வேணாமாம், அப்படியே இருக்கணுமாம்டி,” என்றாள் அம்மா நேற்று ராத்திரி சோறு போட்டபடி, ஆச்சரியம் தாங்காமல். “நம்ம ஃப்ரிட்ஜு மேல மட்டும் ஒரு போர்வையப் போட்டு மூடிடணுமாம். படத்துல அது நல்லா இருக்காதாம்.”

“அவங்க குடுத்த ஃப்ரிட்ஜுதானே.”

“அதான் நானும் நெனச்சேன். கேக்கல.” அம்மா கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “நீயும் அன்னைக்குக் கொஞ்சம் எங்கயாவது போயிட்டு வந்துடணுமாம். நீயும் இதுக்கே எழுதிப் போட்டிருக்கியாமே. ரெண்டு பேரு ஒரே இடத்துல இருந்தா கொழப்பமாயிடுமாம்.”

அதனால்தான் இன்று ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு கிளம்பி வந்தாள். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, “சும்மா” என்றாள்.

“ஏய், விளையாடுறியா?” என்றாள் பாப்பா இப்போது, லேப்டாப்பை மூடிவிட்டு.

“நான் எப்போ உன்கூட விளையாடினேன்? நீ விளையாடுவே. நான் எல்லாத்தையும் எடுத்து வெப்பேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்லும் முன் கழற்றுவாளாம், அம்மா சொல்லியிருக்கிறாள். “குட்டி, உட்காரு முதல்ல.”

“நிக்கிறேன் டாக்டரம்மா.”

“உனக்கு இந்த வீட்டுல நாங்க என்ன குறை வெச்சோம்?”

“ஒரு குறையும் வெக்கல. நான் கேக்காமலே எல்லாம் குடுத்தீங்க. அதனால இத மட்டும் கேக்குறேன்.”

“நீயும் படிக்கணும். யாரு வேணாம்னா? அடுத்த வருஷம் நானே உனக்கு நாலு பேருகிட்ட சொல்றேன். அதுவரைக்கும் நம்ம கிளினிக்ல, ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு வேணும்னு பாத்துட்டிருக்கோம்…”

பாப்பா டாக்டரம்மாவின் பேச்சைக் கையாலேயே ஒதுக்கினாள். “நான் உன்கிட்ட கேட்டுட்டுத்தானே எழுதினேன்? பின்னாடிப் படியில உக்காந்து, உங்க ஏரியாவப் பத்தி ரெண்டு விஷயம் எழுதிக்கட்டுமான்னு கேட்டேனா இல்லையா?”

“கேட்டே.”

“நீ என்ன சொன்னே?”

“எழுதிக்கோ, அதுல என்ன இருக்குன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“என்ன இருக்குன்னு தெரியாம சொல்லிட்டேன்.”

பாப்பாவின் முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. சிவந்தாலும் அழகாகத்தான் இருந்தாள், அதுவும் ஒரு எரிச்சல். “நீ எழுதியிருக்கலாமே. அது உன் இடம். என்னைவிட நூறு மடங்கு நல்லா எழுதியிருப்பே. நீ ஏன் எழுதல? நீ எதைப் பத்தித்தான் எழுதினே?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் நடத்திய சண்டையில் எல்லாக் கேள்வியும் அவளுடையதாகத்தான் இருந்தது. அலமாரிப் பக்கம் அம்மாவின் கை இப்போது நின்றிருந்தது.

“உன் ரூமைப் பத்தி,” என்றாள்.

“என் ரூமா?” பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி இல்லை, நிஜமான திகைப்பு. “அதுல என்ன இருக்கு எழுத?”

அறையைப் பற்றி அவள் நினைத்துப் பார்த்தாள். எத்தனை சாயங்காலம், பெருக்கி முடித்து, யாரும் பார்க்காதபோது, அந்தக் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு ஒரு நிமிஷம் உள்ளே நின்றிருக்கிறாள். பாப்பாவுக்கு அது தூங்குகிற இடம். அவளுக்கு அது, தான் யாராக இருந்திருக்கலாம் என்பதன் அளவு. பாப்பா இரண்டிலும் இருக்க முடிகிறது. நினைத்தால் சந்து, நினைத்தால் மாடி. எங்கே போனாலும் அவள் பாப்பாதான். சந்தில் உட்கார்ந்தால் எளிமையானவள் என்பார்கள். இவள் மாடியில் உட்கார்ந்தால் இவளுக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். அதை நினைக்க நினைக்க, காதோரம் சூடாக எதுவோ ஓடியது.

“அம்மா,” என்றாள் பாப்பா தாழ்ந்த குரலில், டாக்டரம்மாவைப் பார்த்து. “நான் வேணும்னா விட்டுடட்டுமா? எனக்குத்தான் இன்னும் ரெண்டு காலேஜ்ல வந்திருக்கே.”

“நீ சும்மா இரு.”

விட்டுவிடட்டுமா என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் பாப்பாவை மன்னித்திருக்கலாம். மன்னிக்க முடியவில்லை. கூடுதலாக எரிந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல், தூங்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கேட்க வந்ததைப் பாப்பா குடையை விட்டுக்கொடுக்கிற மாதிரி விட்டுக்கொடுக்கப் பார்க்கிறாள். விட்டுக்கொடுக்கிற சுகமும் இவர்களுக்கேதானா.

“சரி,” என்றாள். “சீட்டை வெச்சுக்கோங்க. ஆனா நாளைக்கு எங்க வீடு கெடையாது. வேற சந்து பாத்துக்கோங்க.”

டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“வீடு என்னோடது.”

அந்தக் கூடத்தில் அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. துடைக்கும் துணியை நான்காக மடித்து அலமாரியின்மேல் வைத்துவிட்டு, மகளின் முழங்கையைப் பிடித்து, “உள்ள வா” என்று சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது. அதுவும் அந்த வீட்டில் இருபது வருஷத்தில் கற்றது.

“வாக்குக் குடுத்துட்டேன். நீ யாருடி இல்லன்னு சொல்ல?”

“அவங்க என்ன செய்றாங்கன்னு உனக்குப் புரியலம்மா.”

“எனக்குப் படிப்புதான் இல்ல, கண்ணு இருக்கு.” அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும். “இருவது வருஷம். இந்த வீட்டுல ரெண்டு கையயும் நீட்டி வாங்கி வாங்கி, என் கை இப்படியே நின்னுடுச்சு. நீ போட்டிருக்கிற செருப்பு வரைக்கும் வாங்கினதுதான். முந்தாநாள் அந்தம்மா இங்க, இந்த எடத்துல வந்து நின்னு, ‘நீ மனசு வெச்சாத்தான் நடக்கும்’னாங்க. எங்கிட்ட. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ராத்திரி பூரா தூக்கம் வரல. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, அத இவங்க கேக்குறாங்கன்னு. ஒரே ஒரு தடவ நான் குடுத்துக்கிறேன். விடுடி.”

இருபது வருஷத்தில் அம்மாவுக்கும் வயிறு எரிந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. சேர்ந்து துடைத்து வைத்தவள், சேர்ந்து சிரித்து வாங்கியவள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு ஆள் இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாள். மகள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று வந்தாள். அம்மா ஒரே ஒரு தடவை கொடுத்துவிட வேண்டும் என்று நிற்கிறாள். கொடுப்பதும் கேட்பதும் ஒரே பொருளாகிப் போனதுதான் கஷ்டம்.

“அவங்க வீட்ட மட்டும் கேக்கலம்மா. என்னையும் சேத்துக் கேக்குறாங்க.”

“ஒன்னைய எவ கேட்டா? ஒன்னைத்தான் நாளைக்கு எங்கயாவது போயிடச் சொல்லியிருக்காங்களே.”

அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சொன்ன பிறகுதான், தான் சொன்னதை அம்மாவே கேட்டாள்போல. குழாயை மூடினாள். மூடியும் இரண்டு சொட்டு விழுந்தது.

அவள் அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை வெளுத்து, விரல்நுனிகள் சுருங்கியிருந்தன. “வீட்டக் குடும்மா,” என்றாள். “நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல.” அம்மா நம்பாமல் பார்த்தாள். நம்பாததுதான் சரி.

கூடத்துக்குத் திரும்பியபோது டாக்டரம்மாவும் பாப்பாவும் ஏதோ பேசி நிறுத்திய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா மறுபடி கண்ணாடியைப் போட்டிருந்தாள்.

“வீடு அம்மாவோடது. குடுத்துட்டாங்க, எடுத்துக்கோங்க,” என்றாள் அவள். “ஃப்ரிட்ஜை மூட மாட்டோம். அப்புறம், நாளைக்கு எனக்கு லீவு. நான் வீட்டுலதான் இருப்பேன்.”

“குட்டி, பொறாமைல பேசாத,” என்றாள் டாக்டரம்மா. “உங்க அம்மாவப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சியா?”

“பொறாமைதான் டாக்டரம்மா. இல்லன்னு நான் சொல்லவே இல்லையே.”

பாப்பா எழுந்து நின்றாள். முதன்முறையாக அவள் கண்ணில் பயம் மாதிரி ஒன்று தெரிந்தது. “அவங்க உன்கிட்ட ஏதாவது கேட்டா?”

“கேட்டா சொல்லுவேன்.”

“என்னன்னு சொல்லுவே?”

அவள் கதவுப் பக்கம் திரும்பியிருந்தாள். அடையாள அட்டையில் உள்ளது எந்த வீடு, தூங்கி எழுவது எந்த வீடு, தெருவிளக்கின் அடியில் கல் போட்டது யார், தும்மல் யாருடையது, எல்லாவற்றையும் சொல்வாள். முதலில் தன் பொய்யிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியலிலிருந்து அவள் பெயரையும் அடிப்பார்கள். அடிக்கட்டும். இதெல்லாம் பஸ்ஸில் வரும்போது தெரியாது. குழாய்ச் சத்தத்தில்தான் தெரிந்தது. இப்போது யோசிக்க எதுவும் மிச்சமில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

முன்வாசல் வழியாக இறங்கி, கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்த பிறகுதான் காலில் சுட்டது. செருப்பு பின்வாசலில் கிடக்கிறது. ஒரு கணம் நின்றாள். திரும்பவில்லை. மதில் சுவரின் நிழல் இருந்தவரை அதிலேயே நடந்தாள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் நிழல் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணி வெயிலில் தார் பளபளத்தது. ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு தாரைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், செருப்பில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியும். ஓரத்துக் கோட்டில் ஒரு காலை வைத்து, அதற்கு முன்னால் மறு காலை வைத்து, கோடு போன வழியே நடக்கத் தொடங்கினாள். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. அவள் விலகவில்லை. வண்டிதான் ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது.